கிந்தரிஜோகியும் ஒரு துணைவேந்தரும்

ஹெப்பாள் என்றதும் பலருக்கு பெங்களூரின் மேம்பாலம்தான் நினைவுக்கு வரும். நான் போய்வந்தது மைசூர் ஹெப்பாள். ஒரு ஏரி, ஒரு தொழிற்பேட்டை, நாடெங்கிலுமிருந்து எஞ்சினீயரிங் முடித்த பிள்ளைகள் வந்து பயிற்சி பெறும் இன்ஃபோசிஸ் வளாகம். தமிழ்க் குரல் காதில் விழாமல் ஒரு தெருவைக் கடப்பது கஷ்டம். என் அக்கா மகள் அங்கேதான் குடியிருக்கிறாள்.

நான் போன அன்று வீட்டில் ஒரே அமர்க்களம். இரண்டாவது படிக்கும் அவளுடைய பெண்ணுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் எலி வேடம். பழைய துப்பட்டாவைத் திரித்து வால் தைத்தாகிவிட்டது. மீசைக்கு மை. கூடத்தில் சோபாவைச் சுற்றி ஓடிக்கொண்டே ஒரு நீண்ட கன்னடப் பாட்டை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். குண்டு எலி, ஒல்லி எலி, அப்பா எலி, அண்ணன் எலி என்று ஊரே திரண்டு ஓடிவரும் இடத்தில் அவள் குரல் உச்சத்துக்குப் போயிற்று. "இது யார் எழுதினது தெரியுமா, தாத்தா?" என்று கேட்டாள். தெரியும். ஆனால் தெரியாது என்றேன். "குவெம்பு!" என்றாள், பக்கத்து வீட்டு மாமாவைச் சொல்வது போல.

உண்மையில் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஹெப்பாளிலிருந்து ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் ஒண்டிக்கொப்பல். அங்கே 'உதயரவி' என்ற வீட்டில்தான் அவர் வெகுகாலம் வாழ்ந்தார். 1994-ல், எண்பத்தொன்பதாவது வயதில், மைசூரில்தான் காலமானார். கன்னடத்துக்கு முதல் ஞானபீட விருதை வாங்கித் தந்தவர், ராஷ்டிரகவி, மாநில அரசின் கர்நாடக ரத்னா. பெரியவர்களுக்கு அவர் 'ஸ்ரீ ராமாயண தர்சனம்' எழுதிய மகாகவி. என் பேத்திக்கு அவர் எலிப் பாட்டுக்காரர். இரண்டில் எது பெரிய பதவி என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

'பொம்மனஹள்ளிய கிந்தரிஜோகி' என்ற அந்தப் பாட்டுக் கதைக்கு மூலம் இங்கிலீஷ். 1842-ல் ராபர்ட் பிரௌனிங் எழுதியது. ஜெர்மனியில் ஹாமெலின் என்ற ஊர். எலித் தொல்லை. வண்ண உடைக் குழல்காரன் ஒருவன் வந்து எலிகளை ஆற்றுக்கு அழைத்துப்போய் மூழ்கடிக்கிறான். பேசிய கூலி ஆயிரம். வேலை முடிந்ததும் நகரசபை ஐம்பது தருகிறேன் என்கிறது. அவன் மறுபடி குழலை எடுக்கிறான். இந்த முறை பின்னால் போகிறவர்கள் ஊர்க் குழந்தைகள். பெரியவர்கள் வாக்குத் தவறினால் அதற்கான விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். கதை இவ்வளவுதான்.

குவெம்பு இதைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தபோது ஹாமெலினை ஜெர்மனியிலேயே விட்டுவிட்டார். ஊர், அவர் பிறந்த மலைநாட்டின் துங்கை நதிக்கரைக்கு வந்துவிட்டது. நகரசபை மேயர் ஊர்க் கவுடர் ஆகிவிட்டார். குழல்காரன் இடத்தில் ஒரு ஜோகி. அவன் கையில் குழலுக்குப் பதில் கிந்தரி. ஊர் ஊராய்த் திரியும் ஜோகிகள் மீட்டும் நரம்புக் கருவி அது, நம்முடைய கின்னரிக்கு உறவு. மலைநாட்டுப் பிள்ளைக்கு எந்த இடத்திலும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்காது. சுமார் நூறு வருஷமாகக் கன்னடக் குழந்தைகள் இதை ஆடிப் பாடுகிறார்கள். பலருக்கு இது வேறு தேசத்துக் கதை என்பதே தெரியாது.

இதை 1920-களில் எழுதியபோது அவர் கல்லூரி மாணவர். அதற்குக் கொஞ்சம் முன்னால்வரை இங்கிலீஷில் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர். 1922-ல் 'பிகினர்ஸ் மியூஸ்' என்று ஒரு சிறு தொகுப்பு கூட வந்தது. அன்னி பெசன்ட் அழைத்துச் சென்னைக்கு வந்த ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கஸின்ஸ் மைசூருக்கு வந்தபோது, பையன் தன் கவிதைகளை ஆசையோடு காட்டினான். உன் தாய்மொழியில் எழுதேன் என்று கஸின்ஸ் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு முகம் வாடித்தான் போயிருக்கும். ஒரு வெள்ளைக்காரக் கவிஞர் இங்கிலீஷை விடச் சொன்னதால் கன்னடத்துக்கு ஒரு மகாகவி கிடைத்தார்.

பிறகு வந்தது நீண்ட கல்லூரி வாழ்க்கை. மைசூர் பல்கலைக்கழகத்தில் கன்னட எம்.ஏ. தொடங்கியபோது முதல் அணியில் படித்தார். 1929-ல் மகாராஜா கல்லூரியில் விரிவுரையாளர். நடுவில் பத்து வருஷம் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். 1946-ல் பேராசிரியராக மறுபடி மைசூர். 1955-ல் முதல்வர். 1956 முதல் 1960 வரை துணைவேந்தர். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து அதற்கே துணைவேந்தரான முதல் ஆள் அவர்தான். குக்கரஹள்ளி ஏரிக்கு மேற்கே எழுந்த புதிய வளாகத்துக்கு 'மானஸகங்கோத்ரி' என்று பெயர் வைத்தவரும் அவரே.

இப்படிப்பட்ட ஏணியில் ஏறுகிறவர்கள் எலிப் பாட்டை மெதுவாக மறந்துவிடுவதுதான் வழக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த சார்ல்ஸ் டாட்ஜ்சன் 1865-ல் 'ஆலிஸ்' கதையை லூயிஸ் கரோல் என்ற பெயரில் வெளியிட்டார். அந்தப் பெயருக்குக் கல்லூரி முகவரியில் வந்த கடிதங்களைத் திருப்பி அனுப்பினாராம். அதே ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீன் 'ஹாபிட்' கதையின் முதல் வரியை எழுதியது, திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களுக்கு நடுவே அகப்பட்ட ஒரு வெற்றுத் தாளில். பேராசிரியருக்குக் குழந்தைக் கதை என்பது கள்ளத்தனமாகச் செய்யும் காரியம்.

குப்பளி வெங்கடப்ப புட்டப்பாவுக்கும் புனைபெயர் உண்டு. அது ஒளிந்துகொள்வதற்காக வைத்ததல்ல. தன் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர், எவரும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். காவியத்துக்கும் அதே பெயர், எலிப் பாட்டுக்கும் அதே பெயர். விரிவுரையாளரானதும் சிறுவர்களை விட்டுவிடவும் இல்லை. நாடகம், பாட்டு, கதை என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஞானபீடம் வாங்கிப் பத்து வருஷம் கழித்து, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, நரிகளுக்கு ஏன் கொம்பில்லை என்று சிறுவர்களுக்காக ஒரு புத்தகம் போட்டார்.

இதைப் பெரிய மனுஷரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அவருடைய கல்விக் கொள்கையே குழந்தையிடமிருந்துதான் தொடங்குகிறது. பிறக்கும்போது எல்லாக் குழந்தையும் விசுவமானவன், உலக மனிதன். பிறகு சாதி, மதம், தேசம் என்று நாம் ஒவ்வொன்றாகப் பூட்டி அவனைக் குறுக்கிவிடுகிறோம். அந்தப் பூட்டுகளைத் திறந்து அவனை மறுபடி விசுவமானவன் ஆக்குவதுதான் கல்வியின் வேலை என்பது அவர் கட்சி. அப்படிப் பார்த்தால் பல்கலைக்கழகம் என்பது குழந்தையிடமிருந்து பிடுங்கியதைத் திருப்பித் தரும் இடம். துணைவேந்தராக அவர் பட்டப் படிப்பைக் கன்னடத்தில் நடத்த வேண்டும் என்று வாதாடியதும், துங்கைக்கரையில் ஜோகியை நடமாட விட்டதும் ஒரே காரியத்தின் இரண்டு முனைகள். புரியாத மொழியில் யாரையும் மிரட்டக்கூடாது. அவர் பிறந்த டிசம்பர் 29-ஐ 2015 முதல் கர்நாடக அரசு விசுவமானவ தினமாகக் கொண்டாடுகிறது. விழா எடுப்பது சுலபம்.

நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். நமக்கும் ஒருவர் இருந்தார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் முப்பத்தாறு வருஷம் ஆசிரியர், கல்வெட்டு ஆராய்ச்சியாளர், 'ஆசிய ஜோதி' தந்தவர். அவர்தான் பசுவையும் கன்றையும் நம் பிள்ளைகளின் வாயில் வைத்தார். அவர் மறைந்தது 1954-ல். அதற்குப் பிறகு தமிழ்ப் பேராசிரியர்கள் எழுதிக் குவித்த புத்தகங்கள் எத்தனை! அவற்றில் ஏழு வயதுப் பிள்ளைக்குப் படித்துக் காட்டக்கூடியது எத்தனை? பதவி உயர்வுக்கான பட்டியலில் ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. எலிப் பாட்டுக்கு யார் போடுவார்கள்?

அக்கா மகள் காபி கொண்டுவந்தாள். 2016 செப்டம்பரில் காவிரிக்காக ஊர் கொதித்த அந்த நாட்களில் இதே கூடத்தில் தமிழ் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக ஒரு முறை சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அதே கூடத்தில் அவள் பெண் ஜன்னல் அதிரக் கன்னடம் பாடுகிறாள். அந்தக் குழந்தைக்கு அது அண்டை மாநிலத்து மொழி இல்லை. எலிகள் பேசும் மொழி, அவ்வளவுதான்.

பாட்டு முடிந்தது. ஜோகிக்குப் பின்னால் எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். வேகமாக நடக்க முடியாத கால் ஊனமான ஒரு பையன் மட்டும் திரும்பி வந்து நடந்ததைச் சொல்கிறான். பேத்தி வாலைக் கழற்றி வைத்துவிட்டு என் மடியில் ஏறினாள்.

"தாத்தா, தமிழ்ல ஒரு எலிப் பாட்டு சொல்லு."

யோசித்தேன். கவிமணியின் பசுவைத்தான் கொண்டுவந்து நிறுத்தினேன். நான் ஏழு வயதில் கற்றது, எனக்கு முன்னால் என் அம்மா கற்றது. கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. புதுசா ஒண்ணு?" என்றாள்.