அபாயக் கழிவும் நாஞ்சில் வயல்களும்

கேரளத்திலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலைகளுள் ஒன்று களியக்காவிளையில் புகுந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நாஞ்சில் நாட்டைக் கடக்கிறது. அவ்வழிச் செல்லும் லாரிகளின் சரக்கு யாதென்று பூதப்பாண்டி விவசாயிகள் கவலையுறுவது நியாயமே. 2024 டிசம்பரில் திருநெல்வேலி ஜில்லா நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கங்களில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பின்னரே கேரள அதிகாரிகள் அவற்றைத் திரும்ப எடுத்துச் சென்றனர்.

அபாயக் கழிவைச் சாலையிற் கொண்டு செல்வது மாத்திரமே குற்றமன்று. 2025 ஜனவரியில் போபால் ஆலையின் சுமார் 337 டன் நச்சுக் கழிவு, மூடி முத்திரையிட்ட 12 வண்டிகளில் போலீஸ் காவலுடன், ஏறக்குறைய 250 கிலோமீட்டர் கடந்து பீதம்பூரை விபத்தின்றி அடைந்தது. 2016ஆம் வருஷத்து விதிகளின்படி, அத்தகைய சரக்கை அனுப்புவோர், ஏற்றிச் செல்வோர், பெறுவோர் ஆகிய மூவரையும் காட்டும் சீட்டு வண்டியில் இருத்தல் வேண்டும். விபத்து நேரின் செய்யத்தக்கதைக் கூறும் அட்டையும் ஓட்டுநரிடம் வேண்டும்.

பேராபத்து, சீட்டில்லாத வண்டியினாலேயே விளைகிறது. அது இருளில் வந்து தரிசையும் குளக்கரையையும் நாடும். அற்பத் தொகைக்கு இடங்கொடுக்கும் நிலக்காரர் தம் நிலத்தை மட்டும் கெடுப்பதில்லை. மழை பெய்யின் ஓடையும் பழையாறும் அந்நஞ்சைக் கீழ்மடை வயல்வரை கொண்டு சேர்க்கும். சேற்றில் கிடக்கும் ஊசி நடவாட்களின் காலிலேயே ஏறும்.

ஆதலின் நிலக்காரர் இதற்கு இடங்கொடுத்தல் கூடாது. கிராம அதிகாரிகள் சந்தேகமான வண்டியின் எண்ணைக் குறித்து, போலீஸாருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தாமதமின்றி அறிவித்தல் அவசியம். கொட்டப்பட்ட மூட்டைகளை ஒருவரும் வெறுங்கையால் தொடலாகாது, தீயிடலும் ஆகாது.