மலையும் திரும்பும் டிக்கெட்டும்

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் மயூர் விஹாரில் நம்மவர் வீடுகளில் மலையாத்திரைப் பேச்சு கிளம்பிவிடுகிறது. இங்கே மின்விசிறி சுழலத் தொடங்கிவிட்டதால் அங்கேயும் குளிர் போயிருக்கும் என்று ஓர் எண்ணம்.

சோப்தாவிலிருந்து துங்கநாத் ஏறத்தாழ நாலு கிலோமீட்டர்தான். ஆனால் கோயில் இருப்பது 3,680 மீட்டர் உயரத்தில். ஏப்ரலிலும் பாதையில் பனி கிடக்கும். விடியற்காலையில் அது கல்லாக இறுகி வழுக்கும். உச்சிவேளைக்குப் பின் இளகி, கால் முழங்கால்வரை புதையும். புதுப்பனி விழுந்த மறுநாள் ஏறாமலிருப்பதே உசிதம். 2024 ஜூனில், டில்லி வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது, உத்தரகாசி மாவட்டத்து சஹஸ்ரதாலுக்குப் போன 22 பேர் குழுவில் 9 பேர் பனிப்புயலில் மாண்டார்கள்.

ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்குத் தெரிந்தவரை, நம்மை ஆபத்தில் தள்ளுவது திரும்பும் டிக்கெட்தான். இரண்டு நாள் லீவு, ஞாயிறு இரவு ஹரித்வாரில் ரயில், திங்களன்று ஆபீஸ். வானம் கறுத்தாலும், 'இவ்வளவு தூரம் வந்தாச்சே' என்று ஏறிவிடுகிறோம். நானும் ஒருமுறை ஏறினேன். என் மனைவி நடுவழியில் உட்கார்ந்துவிட்டதால் பிழைத்தேன்.

ஒரு நாள் லீவைக் கூடுதலாக எழுதிக் கொடுங்கள். பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவதென்று அடிவாரத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். டிக்கெட்டை ரத்து செய்தால் கொஞ்சம் பணம் போகும். கவுண்ட்டரில் கழித்துக்கொண்டு மீதியைத் தருவது எங்கள் வேலை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.