மெய்ப்பாடும் டார்வினும்: ‘முன்பே சொல்லிவிட்டார்’ என்னும் ஆய்வுப் போக்கிற்கு ஒரு மறுப்பு

தமிழாய்வு அரங்குகளில் ஒரு வாய்பாடு நிலைபெற்று வருகிறது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தமையால் தொல்காப்பியர் பரிணாமக் கொள்கையை டார்வினுக்கு முன்பே கண்டார் என்பது அதன் முதற்பகுதி. எண்வகை மெய்ப்பாடுகளைத் தொகுத்தமையால் மனித மனத்தின் பரிணாம அடிப்படையையும் அவரே முதலில் உணர்ந்தார் என்பது அதன் இரண்டாம் பகுதி. இவ்விரண்டும் பிழை. இப்பிழையால் டார்வினுக்கு இழப்பு ஏதுமில்லை. இழப்பு முழுவதும் தொல்காப்பியத்திற்கே என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

வகைப்பாடு பரிணாமம் ஆகாது

1858இல் டார்வின், வாலசு ஆகிய இருவரின் கருத்துகளும் இலண்டன் இலின்னேயக் கழகத்தில் படிக்கப்பட்டன. மறு ஆண்டில் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது. அக்கொள்கையின் அடித்தளங்கள் இரண்டு. உயிர்கள் பொது முன்னோரிடமிருந்து கால ஓட்டத்தில் கிளைத்தன என்பது ஒன்று. மரபுவழி வரும் சிறு வேறுபாடுகளுள் பிழைத்தலுக்கும் இனப்பெருக்கத்திற்கும் துணைசெய்பவை தலைமுறைதோறும் பெருகுகின்றன என்பது மற்றொன்று. மரபியல் கூறும் அறிவு வரிசையில் இவ்விரண்டும் இல்லை. ஓருயிர் மற்றோருயிரிலிருந்து தோன்றியது என்று நூற்பா எங்கும் கூறவில்லை. அங்கு உள்ளது புலன்வழி அமைந்த நுட்பமான வகைப்பாடு.

வகைப்பாடு தாழ்ந்த செயல் அன்று. சுவீடன் நாட்டு இலின்னேயசு 1735இல் வெளியிட்ட நூலில் மனிதனையும் குரங்கையும் ஒரே வரிசையில் வைத்தார். அதற்காக அவரைப் பரிணாமக் கொள்கையின் தந்தை என்று எவரும் கூறுவதில்லை. வகைப்பாட்டியலின் தந்தை என்றே போற்றுகின்றனர். அந்நேர்மையை நாம் தொல்காப்பியருக்கு ஏன் காட்டுதல் கூடாது?

மேலும், மனத்தை ஆறாம் அறிவாக்கி மக்களை அவ்வரிசையில் வைக்கிறது மரபியல். பிறவும் அக்கிளையில் உண்டு என்று சிறிது இடமும் விடுகிறது. டார்வினோ 1871இல் வெளியிட்ட ‘மனிதனின் மரபுவழி’ என்னும் நூலில், மனித மனத்திற்கும் உயர்விலங்குகளின் மனத்திற்கும் உள்ள வேறுபாடு அளவு வேறுபாடே, வகை வேறுபாடு அன்று என வாதிட்டார். ஒன்று படிகளை வரையறுக்கிறது. மற்றொன்று படிகளுக்கிடையே உள்ள கோட்டை அழிக்கிறது. ஆராயத்தக்கது இவ்வேறுபாடே. ‘முன்பே சொல்லிவிட்டார்’ என்ற ஒரு தொடர் அதனை மூடிவிடுகிறது.

எட்டும் ஆறும்

மெய்ப்பாட்டு ஒப்பீடு இதனினும் கேடு பயப்பது. 1872இல் டார்வின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றித் தனிநூல் எழுதினார். 1867இல் வினாப்பட்டியல் ஒன்றை உலகின் பல பகுதிகளுக்கும் அனுப்பி 36 விடைகளைப் பெற்றிருந்தார். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய சுகாட்டு என்பாரின் குறிப்புகளும் அந்நூலில் உள்ளன. மனித முகத்தசைகள் உணர்ச்சியைக் காட்டவென்றே படைக்கப்பட்டவை என்ற சார்லசு பெல்லின் கருத்தை மறுப்பதே அவரது நோக்கங்களுள் தலையாயது. அந்நூலில் அவர் இயற்கைத் தேர்வைவிடப் பழக்கம் மரபாதலையே மிகுதியும் சார்ந்து நின்றார் என்பதையும் நம் ஒப்பீட்டாளர்கள் காண்பதில்லை.

பின்னர்ப் பால் எக்மன் நியூகினியின் போரே மக்களிடம் ஆய்வு நடத்தி, 1971இல் முடிவுகளை வெளியிட்டார். மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் மாந்தர் அனைவர்க்கும் பொதுவான முகக்குறிகள் உடையவை என்பது அவர் கொள்கை. ஆயின் போரே மக்கள் அச்சத்தையும் வியப்பையும் முகத்தில் பிரித்தறிய இடர்ப்பட்டனர். நமீபியாவின் இம்பா மக்களிடம் நடத்தப்பெற்று 2014இல் வெளிவந்த ஆய்வில், முகப்படங்களைத் தம் விருப்பப்படி பிரிக்கச் சொன்னபோது அவர்கள் அமெரிக்கர்போல் பிரிக்கவில்லை. முக அசைவைக் கொண்டு உணர்ச்சியை உறுதியாகக் கணிக்க இயலாது என்று இலிசா பெல்டுமன் பாரெட்டும் பிறரும் 2019இல் விரிவாக எழுதினர். உளவியலாரே ஒருமித்து ஏற்காத ஒரு பட்டியலை நாம் அளவுகோலாக்கி, அதனால் தொல்காப்பியத்திற்குச் சான்றிதழ் வழங்குகிறோம்.

இவ்வளவுகோலை வைத்ததும் நூல் சிதைகிறது. இளிவரலை அருவருப்பு என்று பெயர்த்துவிடுகின்றனர். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கும் இளிவரலின் நிலைக்களன்கள். அழுகிய பொருளைக் கண்டு முகஞ்சுளிப்பதற்கும், முதுமையால் எளிமையுற்றுக் குன்றும் நிலைக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. பெருமிதத்திற்கு எக்மனின் ஆறனுள் இடமே இல்லை. எனவே அதனை விட்டுவிடுகின்றனர். கல்வியும் கொடையும் பெருமிதத்தின் காரணங்களாகச் சொல்லப்பட்டமை அதனோடு மறைந்துபோகிறது.

அச்சத்தின் காரணங்களைக் காண்க. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு. விலங்குக்கு அஞ்சுதலைப் பரிணாமத்தால் விளக்குதல் எளிது. ஆனால் தம் இறைக்கு அஞ்சுதல் அதிகாரம் உள்ள சமூகத்தில் வாழ்வோர் அச்சம். அழுகையின் காரணங்களுள் வறுமை உண்டு. வெகுளியின் காரணங்களுள் குடிக்கு இழைக்கப்படும் கேடு உண்டு. மெய்ப்பாட்டியல் உணர்ச்சியை முகத்தசையில் தேடவில்லை, வாழ்நிலையில் தேடுகிறது. களவின் தொடக்கத்தில் நெற்றி வியர்த்தலையும், நகையை மறைத்தலையும் அது ஒருங்கே மெய்ப்பாடாக எண்ணுகிறது. முன்னது தன்வயத்தது அன்று. பின்னது தன்னை அடக்குதல். உடலும் ஒழுக்கமும் கூடும் இடத்தை இவ்வளவு கூர்மையாகச் சுட்டிய நூலை ஆறு முகப்படங்களுக்குள் அடக்குதல் ஆய்வாகுமா? மெய்ப்பாடு செய்யுள் உறுப்புகள் முப்பத்துநான்கனுள் ஒன்று என்பதையும் மறத்தல் தகாது. அது கவிதையில் பொருள் புலப்படும் நெறி. உளவியல் ஆய்வுக்கூடத்தின் முடிவு அன்று.

நிறைவாக

2019 சனவரியில் சலந்தரில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில் துணைவேந்தர் ஒருவர், டார்வின் கொள்கையினும் தசாவதாரம் மேம்பட்டது என்று பேசினார். தமிழறிஞர் பலர் நகைத்தனர், நகைத்தது முறையே. ஆனால் தசாவதாரத்தை நீக்கி அவ்விடத்தில் மரபியலை வைத்தால் வாதம் அறிவியல் ஆகிவிடுமோ? 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது அறிவியலாளர் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டு எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் நாமும் தகுதியுடன் நிற்க வேண்டுமாயின், எல்லாம் நம் நூலில் உண்டு என்னும் பழக்கத்தை நம் ஆய்வேடுகளிலிருந்து முதலில் களைய வேண்டும்.

பரிணாமம் மனித மனத்தை வடித்தது என்பதில் ஐயமில்லை. எவ்வுணர்ச்சி பிறப்பொடு வந்தது, எது வாழ்நிலை வகுத்தது என்பதே இன்றும் நிற்கும் வினா. அவ்வினாவிற்குத் தமிழ்த்துறைகள் கொடுக்கத்தக்கது முதன்மைக்கான உரிமைப்பத்திரம் அன்று. இறைக்கு அஞ்சுதலையும் வறுமைக்கு அழுதலையும் எண்ணிவைத்த ஒரு நூலைச் சிதைக்காமல் படித்துக் காட்டும் உழைப்பே.