எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை

காலை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கதவுத் துவாரம் வழியே ஒரு கண் பார்க்கும். வெளியே தோளில் பையும் கையில் நோட்டுப் புத்தகமுமாக ஒரு பெண் நின்றால், "வேண்டாம், வேண்டாம்" என்று அரைகுறை இந்தியில் உள்ளிருந்தே குரல் வரும். அவர் ஊறுகாய் விற்க வந்தவரல்ல, மாநகராட்சிச் சுகாதார இலாகாவின் சேவிகை என்று தெரிந்தபின் கதவு நாலு விரற்கடை திறக்கும். காய்ச்சல் உண்டா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா? கர்ப்பிணி, கைக்குழந்தை உண்டா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை!

செம்பூரில் நாற்பது வருடமாகக் குடியிருக்கும் நானும் இந்தப் பதிலைச் சொன்னவன்தான். 2013-ல் சொன்னேன். அப்போது உள்ளறையில் என் மாமனார் இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். நான் பதில் சொல்லும்போதே அந்தச் சத்தம் வாசல்வரை வந்தது. "உள்ளே யாரோ..." என்று இழுத்தார் அந்தப் பெண். "ஊரிலிருந்து வந்தவர், இங்கத்திக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கதவைச் சாத்தினேன். மும்பைக்கு ஏது குளிர்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அடுத்த மாதம் சளியைப் பரிசோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. தனியார் டாக்டரிடம்தான் போயிருந்தோம். பெயரை மாநகராட்சிக்குக் கொடுக்க வேண்டாம், வயசுக்கு வரப்போகிற பெண் இருக்கிற வீடு என்று நானும் என் மனைவியும் கெஞ்சினோம். அவர் மசியவில்லை. 2012 முதல் காசநோயாளி யாராக இருந்தாலும் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது உத்தரவு. அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பத்து நாளில் வாசலில் அதே பெண். பழைய பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்து வீட்டிலுள்ள ஒவ்வொருவராக விசாரித்தார். எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகளின் கழுத்தைப் பார்த்து, "இந்த வீக்கம் எத்தனை நாளாக?" என்றார். தொண்டைக்கட்டு என்று நாங்கள் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தோம். அது நெறிகட்டியில் வந்த காசநோய். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்தே மாத்திரை சாப்பிட்டார்கள். இருவருக்கும் குணமாயிற்று. இதை இதுவரை சங்கத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. இப்போது வேலைக்குப் போகும் மகளிடம் அனுமதி கேட்டேன். "பெயரைப் போடாமல் எழுதுங்கள் அப்பா" என்றாள்.

அந்த நோட்டுப் புத்தகத்தை நாம் அற்பமாக நினைக்கிறோம். சேவிகைக்கு இத்தனை வீடு என்று கணக்கு. அவர் குறிப்பது சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து வார்டு மருத்துவ அதிகாரிக்கும் போகிறது. எந்தச் சந்தில் காய்ச்சல் கூடுகிறதோ அங்கே ரத்தப் பரிசோதனை, கொசு மருந்து, முகாம். நம் கட்டிடத்துக்கு எதிரே வெறும் பூஜ்யமாக இருந்தால் இலாகா என்ன நினைக்கும்? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதானே?

2020-ல் நடந்தது நினைவிருக்கும். தாராவியில் ஏப்ரல் 1-ம் தேதி முதல் கொரோனா நோயாளி. சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் லட்சக்கணக்கான ஜனம், அதில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் திருநெல்வேலிக்காரர்கள் எத்தனை பேர்! வீட்டில் தனி அறைக்கு வழியில்லை என்பதால் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள். அந்த வட்டாரத்து டாக்டர்களையே கூட்டிக்கொண்டு காய்ச்சல் முகாம் போட்டு, நோயாளி வரட்டும் என்று காத்திராமல் தேடிப் போனார்கள். சில மாதங்களில் அங்கே நோய் தணிந்தது.

அதே ஆண்டு ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் அடங்கிய மூன்று வார்டுகளில் ஏறக்குறைய 6,900 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். டாட்டா ஆராய்ச்சி நிலையமும் அதில் சேர்ந்திருந்தது. குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கும் மற்ற இடங்களில் 16 பேருக்கும் ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. நகரம் முழுவதிலும் பதிவாகியிருந்த நோயாளிகளோ அன்றைக்கு ஒரு லட்சத்துச் சொச்சம்தான். வீடு வீடாகப் போய்க் கை நீட்டச் சொல்லாவிட்டால் இந்த வித்தியாசம் தெரிந்தே இருக்காது. எங்கள் சொசைட்டியில் சோதனைக்காரர்களை வாட்ச்மேனோடு திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

இலாகாவின் மேலும் எனக்குக் குறை உண்டு. வேலை நாளில், வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் வருகிறார்கள். மராத்தியும் இந்தியும் தெரியாத பாட்டியிடம் பதில் வாங்கி எழுதினால் அது என்ன கணக்கு? கேட்டதையே மறுபடி மறுபடி கேட்கிறார்கள். ஆனால் எங்கள் வார்டில் இந்த வருஷம் எத்தனை மலேரியா, எத்தனை டெங்கு, எத்தனை காசநோய் என்று வாசல் பலகையில் எழுதிப் போட்டு நான் பார்த்ததில்லை. வாங்கிய கணக்கைக் கொடுத்தவனுக்குக் காட்ட வேண்டாமா? நம் சங்கம் இதை வார்டு அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஊருக்கும் இங்குமாக அலையும் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். காசநோய் மருந்தை நடுவில் விட்டுவிட்டு ஊருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. பதிவானவருக்கு நிக்ஷய் எண் ஒன்று தருகிறார்கள். இங்கே சொல்லிவிட்டுப் போனால் ஊரில் உள்ள அரசு மருத்துவமனைக்குச் சிகிச்சையை மாற்றித் தருவார்கள். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-ல் தொடங்கிய உதவி, 2024 நவம்பர் முதல் 1,000 ஆகியிருக்கிறது. பெயரை மறைத்தால் இதுவும் இல்லை.

எங்கள் கட்டிடத்தில் தனியே இருக்கும் இரண்டு பாட்டிமார்களுக்குச் சேவிகை வரும்போது கூட இருந்து மொழிபெயர்க்க நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மற்றக் கட்டிடங்களுக்கும் ஆள் வேண்டும். வீட்டிலிருக்கும் தாய்மார்களும் ஓய்வு பெற்றவர்களும் ஞாயிறு மாலை சங்க நூலகத்தில் பெயர் கொடுக்கலாம். ஆறு மணியிலிருந்து நான் அங்கேதான் இருப்பேன்.