அவுட்லைன் ஆக்கிய கோப்பில் கை வைக்காதீங்க!

திருவிழா அழைப்பிதழ் வந்ததும் புலனத்தில் முதல் சண்டை எழுத்துப் பிழைக்குத்தான். "டிசைன் பண்ற பிள்ளைங்களுக்குத் தமிழ் தெரியல" என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நம்ம பிழைகளில் பல, திருத்தக்கூடாத கோப்பைத் திருத்துவதால் வருகிறது.

அச்சகத்துக் கணினியில் நம் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து சிதறிவிடும். அந்தப் பயத்தில்தான் அனுப்பும் முன் எல்லாவற்றையும் அவுட்லைன் ஆக்குகிறார்கள். இன்டிசைனில் 'கிரியேட் அவுட்லைன்ஸ்', கோரல் டிராவில் கண்ட்ரோல் கியூ. அந்த நிமிஷத்திலிருந்து அது எழுத்து இல்லை, படம். 'முருகன்' என்று நமக்குத் தெரியும். கணினிக்கு வெறும் வளைகோடு. தட்டச்சு செய்து மாற்ற முடியாது.

அப்புறம் என்ன நடக்கும்? 'திருப்பணி' என்பது 'திருப்பனி' என்று விழுந்திருக்கும். (கோயிலில் பனி பெய்யுது போல!) வேறு இடத்திலிருந்து ஒரு 'ணி'யை வெட்டி ஒட்டுவார்கள். அளவு கொஞ்சம் பெரிசு, வரி கொஞ்சம் மேலே. போன வருஷக் கோப்பை அப்படியே எடுத்தால் இன்னும் மோசம். தைப்பூசம் 2025-இல் பிப்ரவரி 11, செவ்வாய். 2026-இல் பிப்ரவரி 1, ஞாயிறு. எண்ணை மாற்றுவது சுலபம். 'ஞாயிறு' போட அந்தப் பக்கத்தில் வேறு எங்கும் 'ஞா' இல்லையென்றால்? செவ்வாய் அப்படியே நின்றுவிடும்.

நாள் கிழமை தப்பினால் யாராவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உபயப் பட்டியல் அப்படியில்லை. இறந்துபோன அப்பா பெயரில் ஒருவர் அன்னதானம் கொடுக்கிறார். அந்தப் பெயரில் 'ழ' போய் 'ல' விழுந்தால், வெட்டி ஒட்டும் கோப்பு அதை வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு வரும். அந்தக் குடும்பம் கவுண்டரில் ஒன்றும் சொல்லாது. வீட்டுக்குப் போய்த்தான் வருத்தப்படும்.

இன்னொன்று, பலர் கவனிப்பதே இல்லை. அவுட்லைன் பிடிஎஃப்பைத்தான் புலனத்திலும் போடுகிறோம். அதில் நம் பெயரைத் தேட முடியாது. பார்வை குறைந்தவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் செயலி, அந்த வளைகோட்டை வாசிக்காது.

ஆகவே செயலவைக்கு என் கருத்து: டிசைனருக்குப் பணம் கொடுக்கும்போதே அவுட்லைன் ஆக்காத மூலக் கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும். எந்த எழுத்துரு என்றும் எழுதி வாங்குங்கள். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு என்றால், அது இல்லாமல் மூலக் கோப்பும் புரியாத குறியீடாகத்தான் தெரியும். சில டிசைனர்கள் கொடுக்கத் தயங்குவார்கள். அது அவர்கள் பிழைப்பு, தப்பில்லை. முதலிலேயே பேசி அதற்கும் ஒரு விலை வைக்கலாம். பிழை திருத்துவது மூலக் கோப்பில், அவுட்லைன் ஆக்கும் முன்னால், இரண்டு பேர் கண்ணில் பட்ட பிறகு. அச்சகத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கள்: எழுத்துருவை உள்ளேயே பதித்த பிடிஎஃப் போதும் என்றால் அவுட்லைனே தேவையில்லை.

உபயகாரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயரைக் குரல் பதிவில் அனுப்பாதீங்க. தமிழில் தட்டச்சு செய்து அனுப்புங்க. முடியாவிட்டால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்க, 'ழ'வா 'ள'வா என்று நாங்க ஊகிக்க வேண்டாம்.