கணக்குக் கேட்பவரே உறுப்பினர்

நாட்டை யார் ஆள்வது என்று நாள்தோறும் பேசுகின்ற நாம், நம் ஊரை யார் ஆள்வது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கோட்டையில் நடப்பதைப் பற்றித் தேநீர்க் கடையில் மணிக்கணக்கில் சொல்லாடுவோம். நம் தெருக்குழாயில் நீர் வாராமைக்கு விடைசொல்ல வேண்டியவர் யார் என்று கேட்டால் விழிப்போம். விடைசொல்ல வேண்டியவர் நம் தெருவிலேயே இருக்கின்றார். அவர்தாம் ஊராட்சி உறுப்பினர். கட்சி அடையாளம் எதுவுமின்றி, நம்மை நம்பி நின்று, நம் வாக்கால் வென்றவர்.

அவ்வுறுப்பினர் செய்வது என்ன? பல ஊர்களில் ஒன்றே ஒன்றுதான். ஏடு வரும், எழுதுகோல் நீட்டப்படும், கையொப்பம் விழும். என்ன எழுதப்பட்டுள்ளது என்று படித்தவர் சிலர். 'இந்தத் தொகை எதற்கு?' என்று கேட்டவர் அவரினும் சிலர். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையொப்பமிட வேண்டும். அத்துணைத்தலைவரைத் தம்முள் ஒருவராகத் தேர்ந்தெடுப்போர் உறுப்பினரே. பூட்டின் ஒரு சாவி அவர்கள் கையில் இருக்கின்றது. அவர்களோ அதைத் தாமே நீட்டிக் கொடுத்துவிடுகின்றனர்.

ஏன் கேட்பதில்லை? அச்சம் மட்டும் காரணமன்று, உறவும் காரணம். சிற்றூரில் தலைவர் ஒருவர்க்கு மாமன், இன்னொருவர்க்குப் பங்காளி. இன்று கணக்குக் கேட்டால் நாளை அவர் வீட்டு மணவிழாவில் எப்படிப் போய் அமர்வது? இம்முகத்தாட்சணையே சிற்றூராட்சியைத் தின்னும் கரையான்!

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அக்குடவோலை முறையைப் பெருமையாகப் பேசுகின்றோம். ஆனால் குடத்தில் யார் பெயர் இடப்படலாகாது என்பதைப் பேசுவதில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் இடப்படலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் இடப்படலாகாது! உறவு கணக்கை விழுங்கும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்து கல்லில் வெட்டி வைத்தார்கள்.

அவ்வவை எல்லார்க்கும் உரியதாக இருந்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது பார்ப்பனர் ஊரவை. நிலமும் மறைக்கல்வியும் உடையவர்க்கே அதில் இடம், உழுதவர்க்கு இல்லை, பெண்டிர்க்கு இல்லை. ஆகவே, அன்றைய கணக்கு முறையை எடுத்துக்கொள்வோம். அன்றைய வேலியைத் தள்ளுவோம்.

அவ்வேலியை உடைக்க நம் காலத்திலும் குருதி சிந்த நேர்ந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், தாழ்த்தப்பட்ட மக்களில் ஒருவர், 1997 சூன் 30 அன்று வேறு சிலரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி வெறியர்க்கு அவர் செய்த குற்றம், ஊராட்சி இருக்கையில் அமர்ந்தமையே! பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தேர்தல் முறையாக நடைபெற 1996-இலிருந்து 2006 வரை பத்தாண்டுகள் ஆயின. உயிரைக் கொடுத்துப் பெற்ற இருக்கை இது. இதைத்தான் சில ஊர்களில் கோவில் திருப்பணிக்கென்று ஏலம் விடுகின்றனர்! பணம் கட்டி இருக்கையை வாங்கியவன் தொண்டு செய்வானா, போட்ட முதலை எடுப்பானா?

பெண்டிர்க்கு ஊராட்சி இடங்களில் பாதியை ஒதுக்கி 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. வென்ற பெண் அடுக்களையில் நிற்க, கணவன் இருக்கையில் அமர்ந்து பேசும் ஊர்கள் இன்றும் உள. அதைக் கண்டு சிரித்துப் போகின்றவன் அக்கயமைக்கு உடந்தையானவன்.

உறுப்பினர் உறங்கினால் ஊரேனும் விழித்திருக்க வேண்டும். சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் ஊரவை கூடுகின்றது. வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அங்கு ஒவ்வொரு வாக்காளர்க்கும் உண்டு. 2016 அக்தோபர் முதல் 2019 திசம்பர் வரை நம் ஊராட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இன்றித் தனி அலுவலர் கையில் கிடந்தன. 2025 சனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மீண்டும் அவ்வாறே ஆயின. ஊர் பதறியதா? இல்லை. உறுப்பினர் இருந்தபோதும் கேளாத ஊர்க்கு, அவர் இல்லாதபோது இழப்புத் தெரியவில்லை!

எனவே, தமிழிளைஞர்களே, உங்கள் ஊரில் தேர்தல் வரும்போது போட்டியிடுங்கள். வென்றால், படிக்காமல் கையொப்பமிடாதீர்கள்; மாமனாயினும் கேளுங்கள். கணக்குக் கேட்பது பகையன்று. நேர்மையானவர்க்கு அது காவல். கேட்டதற்காக ஒரு மணவிழா அழைப்பை நீங்கள் இழக்கலாம். கேளாதிருந்தால் ஊர் தன் ஏரியை இழக்கும், வாய்க்காலை இழக்கும், வழியை இழக்கும். எந்த இழப்பைத் தாங்க முடியும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்!