அலமாரியில் தூங்கும் போனும் அதன் பூட்டும்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பொறியியல் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட் என்றதும் என்ன செய்கிறார்கள்? திருச்சிக்குப் பஸ் ஏறி ஆர்டுயினோ, ஜிபிஎஸ் மாட்யூல், ஜிஎஸ்எம் மாட்யூல் என்று ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். ஜிபிஎஸ்ஸும் சிம்மும் சென்சாரும் பேட்டரியும் சேர்ந்தே இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் வீட்டு அலமாரியில் தூங்குகிறது. காரணம் மாணவனின் சோம்பல் அல்ல. தயாரித்தவன் போட்ட பூட்டு.

ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல். யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால் போன் தன்னை என்னவாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதை முடிவு செய்வது கர்னலின் 'யுஎஸ்பி கேட்ஜெட்' பகுதி. அது சாதாரண சீரியல் போர்ட்டாகவும் காட்டிக்கொள்ளலாம். அதற்கான நிரலை யாரும் புதிதாக எழுத வேண்டாம், கர்னலிலேயே கிடக்கிறது. கர்னலை கம்பைல் செய்யும்போது கான்ஃபிக்எஃப்எஸ், அதன் கீழே ஏசிஎம் இரண்டுக்கும் 'ஆம்' என்று வைத்தால் போதும். பிறகு ரூட் அனுமதியோடு கேட்ஜெட்டுக்கு ஒரு டைரக்டரி உருவாக்கி, ஏசிஎம்மை அதில் இணைத்து, யுஎஸ்பி கன்ட்ரோலரின் பெயரை யுடிசி என்ற கோப்பில் எழுத வேண்டும். போனில் டிடிஒய்ஜிஎஸ்0 முளைக்கும், லினக்ஸ் கணினியில் டிடிஒய்ஏசிஎம்0 முளைக்கும். விண்டோஸ் 10-க்குக்கூடத் தனி டிரைவர் வேண்டாம். லேபில் புட்டியைத் திறந்து போனோடு பேசலாம்.

(மாவட்டத்தையே 2001-ல் பிரித்து, 2002-ல் சேர்த்து, 2007-ல் மறுபடி பிரித்த ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆப்ஷனை மாற்றுவதா கஷ்டம்?)

கஷ்டம் வேறு இடத்தில். பொதுவான லினக்ஸ் கர்னலை அப்படியே போனில் போட்டால் பெரும்பாலும் திரைகூட எரியாது. அந்த மாடலுக்கென்று மாற்றிய மூலநிரல் வேண்டும். பல மலிவு விலை போன்களுக்கு அது வெளிவருவதே இல்லை. வெளிவந்தாலும் பாதி கோப்புகள் இருக்காது, கம்பைல் ஆகாது.

இது ஏதோ தர்மம் கேட்கும் விஷயம் என்று நினைத்துவிடக்கூடாது. கர்னலின் உரிமம் 1991-ல் வந்த ஜிபிஎல் 2-ஆம் பதிப்பு. கர்னலைப் பொருளில் வைத்து விற்பவன் மூலநிரலையும் தர வேண்டும் என்பது அதன் 3-ஆம் பிரிவு. 2004-ல் ஹரால்ட் வெல்டே என்ற கர்னல் நிரலாளர், சைட்காம் என்ற ரவுட்டர் நிறுவனத்துக்கு எதிராக மியூனிக் நீதிமன்றத்தில் இந்த உரிமத்தைக் காட்டித் தடையுத்தரவே வாங்கினார்.

"பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம்" என்பார்கள். பூட்லோடரைத் திறந்தால் போனில் இருக்கும் தகவல் வழக்கமாக அழிந்துவிடும். திருடனுக்கு அதில் என்ன லாபம்? அந்தப் பூட்டு உரிமத்தை மீறுகிறதா என்பதில் வழக்கறிஞர்கள் வாதாடலாம். 2007-ல் வந்த ஜிபிஎல் 3-ஆம் பதிப்பு இதற்கென்றே விதி வைத்தது, லினக்ஸ் 2-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஆனால் மூலநிரலை மறைப்பதற்கு எந்தப் பாதுகாப்புச் சாக்கும் கிடையாது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் துறை 2022-ல் குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது. திரையும் பேட்டரியும் மாற்றுவது மட்டுமா பழுதுபார்ப்பது?

நம் கல்லூரிகளும் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தைப் போர்டில் படம் போட்டே முடித்துவிடுகின்றன. ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றால் அறுபது போன் இருக்கிறது. அறுபது பேரும் தயாரிப்பாளருக்கு எழுதி மூலநிரல் கேட்கலாம். எழுதிக் கேட்டால் தருகிறோம் என்று விற்பவன் கொடுக்கும் வாக்குறுதிக்கு உரிமம் வைத்திருக்கும் குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டு. எனவே போன் அலமாரிக்குப் போகும்வரை காத்திருக்காமல், வாங்கிய வாரமே எழுத வேண்டும்.